எண்ணெய் படாத ஆப்பிள் பஜ்ஜி

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் ஆப்பிள் போகிறதென்றால் அங்கே யாரோ உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதுப்பட்டினம் கடைத்தெருவில் எல்லாப் பழமும்தான் கிடைக்கிறது. ஆனால் வாழை, கொய்யா, தர்பூசணி என்று வாங்கித் தின்கிற எங்கள் சனம் ஆப்பிளை மட்டும் ஆஸ்பத்திரிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தது. நன்றாக இருக்கிற மனுஷர் ஆப்பிள் தின்று நான் பார்த்ததே இல்லை. அப்பா நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து திரும்பிய வாரம் எங்கள் வீட்டில் கை வைத்த இடமெல்லாம் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள். அரிசி டிரம் மேல், டி.வி. பக்கத்தில், என் புத்தகப் பைக்குப் பக்கத்தில், சாமி படத்துக்கு முன்னால்கூட.

அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை. "எவன் செத்தான்னு இத்தினி ஆப்பிளு?" என்று கத்துவார்.

கோபம் ஆப்பிள் மேல் இல்லை என்று நான்காம் வகுப்பு படித்த எனக்கே தெரியும். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், கடலுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வலி வந்ததே கடலில்தான். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே படகில் சாய்ந்துவிட, கூடப் போனவர்கள்தான் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பாவோ பௌர்ணமி கழிந்ததும் படகெடுக்கப் போவதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் செத்துப்போகும்.

நான் அப்பா கட்சி. கடலுக்குப் போகிற அப்பாதான் எனக்குப் பழக்கம். மீன் விற்று முடித்து, பஸ் ஸ்டாண்டு கடையில் சூடாக பஜ்ஜி கட்டி வாங்கிக்கொண்டு, தெருமுனையிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். பகலெல்லாம் லுங்கியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இந்த ஆளை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர் கடலுக்குப் போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆப்பிளும் ஒழியும் என்று நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. பக்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். வாயும் கையும் சும்மா இருக்காது. அவள் வரும்போது அப்பா கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"உப்பில்ல, ஒறப்பில்ல, ஒரு பஜ்ஜி உண்டா இந்த வூட்ல? இதுக்கு நான் கடல்லயே போயிருக்கலாம்."

அத்தைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இன்னா பேச்சு பேசுற நீ? பஜ்ஜிதான வோணும்? எண்ண இல்லாம போட்டுத் தரேன். துன்னுட்டு வாய மூடிகினு வூட்ல கெடப்பியா?"

"எண்ண இல்லாம பஜ்ஜியா!" அப்பா எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். "போடுமே, பாக்கலாம். நல்லா இருந்துச்சின்னா நான் படகாண்டயே போவல. நல்லா இல்லன்னா பௌர்ணமி கழிச்சி நான் போவேன். எவளும் அழுதுகினு குறுக்க வரக் கூடாது."

அம்மா, "சரி" என்றாள்.

எனக்கோ ஒரே குஷி. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லப்போவது அப்பா! இப்படி ஒரு பந்தயத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா? அவர் வாயில் வைத்துத் 'தூ' என்று துப்பிவிட்டால் முடிந்தது கதை. அம்மாவுக்கு ஏன் இது புரியவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

அத்தையின் வீட்டில் ஒரு ஓவன் இருந்தது. மாற்றலாகிப் போன குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது. அந்த வீட்டு அம்மா ஆப்பிளை வட்டம் வட்டமாக அறுத்து மாவில் தோய்த்து அதற்குள் வைத்து எடுப்பாளாம். அத்தை ஷேர் ஆட்டோவில் போய், ஓவனைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். மெயின் விழுந்துவிடும் என்று ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்தோம்.

மாவு கரைக்கும்போதே சண்டை ஆரம்பித்தது. மைதாவும் சர்க்கரையும் பட்டைத் தூளும்தான் போட வேண்டும் என்றாள் அத்தை.

"சக்கர போட்ட பஜ்ஜிய அந்த மனுஷன் நாக்குல வெப்பாரா?" என்று அம்மா கடலை மாவையும் மிளகாய்த் தூளையும் பெருங்காயத்தையும் எடுத்தாள்.

"அண்ணி, ஆப்பிளுக்குப் பெருங்காயமா? அந்தம்மா பாத்தா மயக்கம் போட்டு வியுந்துடும்."

"அந்தம்மாவா வந்து இவருக்கு ஊட்டப் போவுது?"

கடைசியில் இரண்டு பேர் மனமும் கோணாமல் எல்லாமே விழுந்தது. கடலை மாவு, மைதா, சர்க்கரை, மிளகாய்த் தூள், பட்டைத் தூள், பெருங்காயம். அம்மா மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் உப்பு போடப் போனவள், டாக்டர் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

இதுவாவது பரவாயில்லை. ஓவன் தட்டைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அத்தைக்கு அந்த ஓவனால் இத்தனை நாளும் ஒரே ஒரு உபயோகம்தான் இருந்தது. அதன் தட்டை எடுத்து மொட்டைமாடியில் வைத்து, சென்னாகுனி காயப்போடுவாள். பொடிப்பொடி இறால், காய்ந்தால் வாசம் தெருவையே தூக்கும். புளி போட்டுத் தேய்த்துத்தான் கொண்டுவந்திருந்தாள். ஆனால் சூடு ஏற ஏற, தட்டு தான் பட்ட வெயிலையெல்லாம் கக்க ஆரம்பித்தது. வீடு முழுக்கக் கருவாட்டுக் கடை நாற்றம். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளறையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். மூக்கை உறிஞ்சினார். "சென்னாகுனியா?" என்றார்.

பஜ்ஜி வெளியே வந்தது. மேலே வெளுத்து, வெடித்து, செருப்புத் தோலாக இருந்தது. உள்ளே ஆப்பிள் கூழாகிவிட்டிருந்தது. அடி தட்டோடு ஒட்டிக்கொள்ள, அம்மா தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். அத்தை ஒன்றைக் கடித்துவிட்டு முந்தானையில் துப்பினாள். நான் வாசலுக்கே ஓடித் துப்பினேன். ஐயோ, அந்த ருசி! இனிப்பும் காரமும் கருவாடும் ஒன்றாக நாக்கில் ஏறின.

அம்மா தட்டை அப்பா முன்னால் வைத்தாள். நான் அப்பா துப்புவதற்காகக் காத்திருந்தேன்.

அப்பா ஒன்றை எடுத்து மென்றார். மெதுவாக விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார்.

"நல்லாதான் கீது," என்றார்.

"பொய்! நல்லாவே இல்ல!" என்று நான் கத்தினேன். "அப்பா, நீதான் ஜெயிச்ச! துப்பு!"

"சும்மா இரு பாப்பா. நீ இன்னாத்த கண்ட? அந்தத் தட்ட இப்டி தள்ளு."

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மிளகாய்த் தூள் அதிகம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடைசித் துண்டு வரைக்கும் தின்று முடித்தார்கள்.

பௌர்ணமி கழிந்து படகுக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட வந்தார்கள். அப்பா வாசலிலேயே அவர்களை நிறுத்திவிட்டார்.

"தோத்துட்டேன் மச்சான். பொம்பளைங்க பந்தயம் கட்டிக் கவுத்துட்டாங்க. இனிமே நான் படகாண்ட வரக் கூடாதாம். நீங்க போங்க."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஒரு பஜ்ஜிக்கா மச்சான்?" என்று கேலி செய்தார்கள். அப்பாவும் கூடவே சிரித்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

படகில் சாய்ந்து கிடந்த அந்த நேரத்தில் அப்பா எதைக் கண்டு பயந்தார் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கரையில் இருந்துவிட ஒரு வழி அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனதும் நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். கைக்கு வந்த ஜெயத்தை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாரே, பந்தயம் கட்டக்கூடத் தெரியாத அப்பாவாகப் போனாரே என்று எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.