பூனைமுடி முளைத்த வாரம்

எர்ணாவூரில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வல்லரசுவுக்கு முப்பத்து நான்கு வயதில் உச்சியில் வழுக்கை விழுந்தது. தலையில் தடவும் மருந்தை ஆறு மாதம் போட்டான். உதிர்வது குறைந்ததே தவிர வளரவில்லை. மருத்துவர் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியதில், ஐந்தாம் மாதம் பூனைமுடி அரும்பியது. அந்த வாரமே அப்பா இறந்தார்.

மூத்த மகனுக்கு மொட்டையடிக்க ஆள் வந்தார். "மீசைய மட்டும் எடுத்தா போதாதாண்ணே?" என்று வல்லரசு அவர் காதோரம் கேட்டான்.

"இன்னாபா, முடி போனா மறுபடி மொளைக்கும். உன் நைனா வருவாரா?" என்று அவர் உரக்கவே கேட்டார்.

உடலருகே இருந்த தங்கை செங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். வல்லரசு தலையைக் குனிந்து கொடுத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தவள் அவள். அதன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.