இரண்டாவது சரணத்தில் ஒரு குரல்

எனக்கு சங்கீத ஞானம் உண்டு என்பது நானே கிளப்பிவிட்ட வதந்தி. நாளடைவில் நானும் அதை நம்பிவிட்டதால்தான் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் என் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வந்து நின்றன. கூடவே அரிசி மூட்டை கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர். சோபா படுக்கையறைக்குப் போனது. ஹாலின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாக வந்து சேருமாம். ஒரு முழம் நகர்ந்தால் போச்சு. முடிவெட்டிக்கொள்ள வந்தவனைப் போல விறைப்பாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன்.

முதல் நாளே சமையலறையில் மனைவி முணுமுணுப்பது காதில் விழுந்தது. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். வாய் சும்மா இருக்காது.

"கொஞ்சம் சும்மா இரேன். இதுல பாடகர் மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது" என்றேன்.

"மூச்சு வாங்குறதக் கேக்கவா இவ்ளோ பெரிய பொட்டி? சொல்லியிருந்தா நானே மாடிப்படி ஏறி வாங்கிக் காட்டியிருப்பேனே" என்றாள். ஆனால் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

மூச்சு கேட்டது. வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிட்டதும் கேட்டது. பாட்டில்தான் ஏதோ குறைந்தது. ஃபிரிட்ஜ் மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் பதினைந்து வருடமாக நான் கேட்டுவந்த பாட்டு ஒன்று உண்டு. அதன் இரண்டாவது சரணத்தில், பாடகரின் குரலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு பெண் குரல் வந்து சேரும். அந்த இடத்துக்காகவே அந்தப் பாட்டு. புதுப் பெட்டியில் அந்தக் குரலைக் காணோம். ஒயரை மாற்றினேன். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். மின்சார ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து மறுபடி போட்டேன். இல்லை.

கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாடி ஏரியாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார்.

"இன்னா சார் கேக்கல?"

"ரெண்டாவது சரணத்துல ஒரு பொம்பளை குரல் வரும். அது வரல."

பாட்டைப் போட்டுக் கேட்டார். தன் செல்போனில் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டியும் கேட்டார். "இதுல ஒரே ஆளுதான் சார் பாடிகினு கீறாரு. அதுவும் ஆம்பள."

"பதினஞ்சு வருஷமா கேக்குறேங்க!"

"எப்டி வரும்? கொஞ்சம் பாடிக் காட்டு சார்."

பாடிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினேன். "அப்படி இல்லீங்க, இப்படி" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. பின்னாலேயே அந்த வரியும் வந்தது. அதே குரல்.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார். "அட, கொரலு உள்ள கீது சார். நீ ஸ்பீக்கர்ல தேடிகினு கீற."

பாடகர் குழுவில் அவள் பாடுவது மெட்டை அல்ல. மெட்டுக்கு அடியில் ஓடும் இரண்டாவது குரலை. அந்தப் பழக்கத்தில் வீட்டில் எந்தப் பாட்டு ஓடினாலும் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறாள். அதை நான் இசையமைப்பாளரின் மேதைமை என்று பாராட்டி வந்திருக்கிறேன், அவளிடமே. "கேட்டியா அந்த இடத்தை!" என்று ஹாலிலிருந்து கத்துவேன். அவள் பாடுவதை நிறுத்திவிட்டு "எந்த இடம்?" என்பாள்.

மெக்கானிக் போனதும் அவளிடம் கெஞ்சினேன். "அந்தச் சரணத்தைக் கொஞ்சம் பாடேன்."

"நான் பாடுறதே எனக்குத் தெரியாதுங்க. அதுவா வரும். இப்ப சொல்லிட்டீங்க, இனிமே எங்க வரும்?"

இருந்தாலும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பாடினாள். சுருதி பிசகவில்லை. ஆனால் அது சர்ச்சுக்கான ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். பாட்டைச் செல்போனில் ஓடவிட்டுச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.

"பூண்டு உரிக்க வந்தீங்களா, ஒட்டுக் கேக்க வந்தீங்களா?"

"பூண்டுக்குத்தான்."

சிரித்தாள். இரண்டாவது சரணம் வந்தது. அவள் குழம்பைக் கிளறினாள், உப்புப் பார்த்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு அடுத்த பூண்டை எடுத்தேன்.