தோற்றதும் எடுத்துவிடுகிறேன்

லைல் ப்ரோஹாஸ்கா உயரமான முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு மூட்டு மாற்றி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. குனியாதே, தாழ்வான நாற்காலியில் உட்காராதே, காலின் மேல் கால் போடாதே, எதை மாட்டினாலும் அறுத்த காலில் முதலில் மாட்டு என்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸாக நான் விதித்தவற்றில் நாற்காலி விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தார். அடுப்பில் பெரிய பானை நிறைய பியர் சூடாகிக்கொண்டிருந்தது. வெங்காயம் அதற்குள் போகும், பிறகு சாசேஜ்கள் போகும், மறுநாள் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவை கரியடுப்பில் ஏறும். மில்வாக்கியில் பிறந்தவர்கள் ஆட்டத்துக்கு வேறு மாதிரி போவதில்லை.

ரேடியோவில் சனிக்கிழமைப் பகல் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது, எங்கள் ஆள்தான் மட்டையோடு நின்றான்.

"அவுட் ஆகித் தொலைடா," என்றார் லைல், கத்தியைப் பலகையில் தட்டி.

நான் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

"யாரைச் சொல்றே? அவன் நம்ம ஆளு."

"தெரியும்."

அவன் அவுட் ஆனான். லைல் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. இத்தனை வீடுகளில் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், வலி குறையும்போது வரும் மூச்சு எது என்று எனக்குத் தெரியும்.

லைல் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஆர்லீன் போன பிறகு அவருக்கு வீட்டில் மிஞ்சியது ரேடியோவும், தொலைபேசியில் ஒரு குழுவும். குழுவின் பெயர் 'பத்தாவது இன்னிங்ஸ்'. எங்கள் அணியின் ரசிகர்கள் சில நூறு பேர் அதில் இருந்தார்கள். லைல்தான் நிர்வாகி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவர் ஒரு திரியை, அதாவது அன்றைய பேச்சுத் தொடரை, திறப்பார், மற்றவர்கள் ஆட்டம் முடியும்வரை அதன் கீழே கத்துவார்கள். நானும் படிப்பேன். எழுதுவதில்லை.

"பார்க்கிங் விலையைப் பாத்தீங்களா? வண்டியை வித்துட்டுத்தான் உள்ள போகணும்."

"உன் வண்டியை வித்தா ஒரு ஹாட் டாக் கூட வராதுய்யா."

"உங்க கட்சி வந்தா எல்லாம் விலை எறங்கும்னியே, எறங்குச்சா?"

"உங்காளு இருந்தப்ப பியரைச் சும்மா ஊத்தினாங்களோ?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க, நாலாவது இன்னிங்ஸ் நடக்குது," என்று லைல் எழுதுவார். கடைசி இரண்டையும் எடுத்துவிடுவார். ஆட்டத் திரியில் அரசியல் கூடாது என்பதுதான் குழுவின் ஒரே சட்டம். கடந்த தேர்தலுக்குப் பிறகு அதைக் காப்பாற்றுவதே அவருக்கு முழுநேர வேலை ஆகிவிட்டது. லைல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே சரியாகத் தெரியாது என்பது என் எண்ணம்.

வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழு மொத்தமும் மைதானத்தில் கூடும். இந்த வருஷம் அது மறுநாள்தான். முதல் வருஷம் மாய் யெர் வாங் என்ற பெண் எக் ரோல் தட்டோடு வந்து, லைலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நீங்க எங்க ஸ்கூல் பக்கத்து நிறுத்தத்துக்கு வந்த பஸ் டிரைவர்தானே? ஓடி வந்தா நிறுத்துவீங்களே!" என்றாள். அவள் அகதிகளாக வந்து குடியேறிய ஹமோங் இனத்து வீட்டுப் பெண், மருந்துக் கடையில் வேலை. அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'அங்கிள்'. ஒவ்வொரு வருஷமும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இந்த வசந்தத்தில் அறுவை முடிந்த நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்ததும் அவள்தான். மூலிகை போட்ட கோழிச் சாறு கொண்டுவந்து, நான் இருக்கும்போதே, அடுக்களையில் நின்று தன் மாமாவைப் பற்றிச் சொன்னாள். அகதி முகாமில் பிறந்து குழந்தையாக இங்கே வந்தவர். ஏதோ பழைய வழக்கைச் சொல்லிக் குடியேற்றத் துறை அதிகாரிகள் வரச் சொன்னார்கள், போனவர் வீடு திரும்பவில்லை. "அம்மா சாப்பிடறதே இல்லை, அங்கிள்," என்றாள். லைல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது குழுவில் இன்னொருவன், வெண்டல் ஸீலின்ஸ்கி. வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுகிறவன், வாய் ஓயாதவன். போன குளிர்காலம் முழுக்க லைல் வீட்டு வாசல் பனியை இவன்தான் அள்ளிப்போட்டான், கூலி வாங்காமல். அதையும் சொல்ல வேண்டும். இந்தக் கோடையில் ஒருநாள் வெண்டல் திரியைத் திறந்தான், அணி ஜெயித்தது. மறுநாளும் திறந்தான், ஜெயித்தது. அதற்குமேல் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. துவைக்காத சட்டையைத் துவைக்கக் கூடாது, உட்காரும் இடத்தை மாற்றக் கூடாது, திரியைத் திறப்பவனையோ அவன் எழுதியதையோ தொடக் கூடாது. படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், எல்லோரும் இதை நம்புகிறார்கள். நானே அந்த நாட்களில் ஒரே கோப்பையில்தான் காபி குடித்தேன்.

வெற்றிகள் அடுக்கிக்கொண்டே போனபோது, ஒருநாள் திரியின் தலைப்பில் வெண்டல் இப்படி எழுதினான்: "ஞாயித்துக்கெழமை எக் ரோல் கொண்டுவர்ற அம்மணிக்கு: இந்த வருஷம் கூடவே குடியுரிமைப் பேப்பரையும் எடுத்துட்டு வாங்க. வாசல்ல டிக்கெட்டுக்கு முன்னாடி அதைத்தான் கேப்பாங்களாம்!"

கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அன்றும் ஜெயித்தோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை, நம்ம ஆள் அவுட் ஆனதற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டவரிடம் அதைக் கேட்டேன்.

"ரெண்டு நாளா தட்டுல பாதி மிச்சம் வைக்கறே. ரத்த அழுத்தம் ஏறியிருக்கு. இப்ப நம்ம டீம் தோக்கணும்னு வேண்டிக்கறே. என்ன பண்ணித் தொலைச்சே?"

அவர் கையைத் துடைக்காமலே தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். வெண்டல் எழுதிய அன்றே மாய் யெர் லைலுக்குத் தனியாக எழுதியிருந்தாள். 'அங்கிள், அதை எடுத்துடுங்க, ப்ளீஸ்.' கீழே லைலின் பதில்: 'ஜெயிச்சிட்டு இருக்கோம்மா, இப்பக் கை வைக்க முடியாது. தோத்ததும் எடுத்துடறேன்.'

அதற்குப் பிறகு அணி தோற்கவில்லை. அன்று காலை அவள் எழுதியது கடைசியில் இருந்தது: 'நாளைக்கு நான் வரலே. என் டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க.'

"அவ மாமா கதை உனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும், பெர்னீஸ்."

"வெண்டலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத்தான் தெரியும்." மீண்டும் கத்தியை எடுத்தார், கீழே வைத்தார். "ஒரு ஆட்டம் தோத்தாப் போதும்னு நெனைச்சேன். ஒரே ஒரு ஆட்டம். தினம் ரேடியோவைப் போட்டுட்டு, தோத்துடுங்கடான்னு கெஞ்சறேன். பொறந்ததுலேர்ந்து நான் இப்படிக் கேட்டதில்லே."

"டீம் தோக்கறதுக்கும் உன் விரலுக்கும் என்ன சம்பந்தம்? விரல் வேலை செய்யுதா இல்லையா? நடைக் கம்பியைப் பிடி, நடக்கற நேரம் ஆச்சு."

கூடத்தில் இரண்டு நடை நடந்தோம். மூன்றாவதில் ரேடியோ கத்தியது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், பேஸில் ஒருவன். எங்கள் பையன் ஒருவன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டான். ஜெயித்துவிட்டோம். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். லைல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் வருகிறதோ என்று நாடி பார்த்தேன். நாடி நன்றாகவே இருந்தது.

"உக்கார்றியா?"

"வேண்டாம். போனைக் குடு."

வெண்டலைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார், கையெல்லாம் வெங்காயம்.

"யோவ் லைல்! கேட்டியா? கேட்டியா அந்த அடியை? நான் திரி தொறந்தா சாமியே எறங்கி வருதுய்யா!"

"வெண்டல், அந்த எக் ரோல் பேச்சு இருக்கே, அதை எடுக்கப் போறேன்."

"எதை?"

"பேப்பர் கொண்டு வான்னு எழுதினியே."

"அட, அது கிண்டல்யா! அவளும் சிரிச்சிருப்பா."

"சிரிக்கலே."

"நம்ம பொண்ணுய்யா அவ. அவளைச் சொல்வேனா? நான் சொன்னது வேற ஆளுங்களை."

"எந்த ஆளுங்களை?"

"இப்ப எதுக்கு இதெல்லாம்? அன்னிக்கே எடுத்திருக்க வேண்டியதுதானே? பேசாம விட்டே. சரி, அப்பத் தப்பில்லேன்னுதானே நான் நெனைப்பேன்? நாளைக்கு நாம தோத்தா உன் தலையிலதான் விழும், சொல்லிட்டேன்."

வெண்டல் வைத்த பிறகு லைல் அந்தத் திரியைத் தேடி எடுத்து, அழித்தார். பிறகு மாய் யெரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள்.

"அம்மா, அதை எடுத்துட்டேன்."

"அப்படியா. சரி, அங்கிள்."

"இன்னிக்கு ஜெயிச்சும் எடுத்துட்டேன்." சொன்ன பிறகுதான் அதன் அசிங்கம் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

அவள் குரல் உயரவில்லை. "வெண்டல் சொன்னது எனக்குப் புதுசு இல்லே, அங்கிள். ஸ்கூல்லேர்ந்து கேட்டிருக்கேன். அன்னிக்குச் சிரிச்சவங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தேன். எல்லாரும் என் கையால சாப்பிட்டவங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். தோத்ததும் எடுக்கறேன்னு நீங்க எழுதினீங்க பாருங்க... அதை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியலே. அம்மா கேட்டாங்க, அந்த பஸ் தாத்தா என்ன சொன்னாருன்னு. அவரு இன்னும் அதைப் பாக்கலேன்னு பொய் சொன்னேன்."

லைல் நடைக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சத்தமில்லாம எடுத்துட்டீங்க. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அன்னிக்குப் பாத்தவங்க பாத்ததுதான்."

"நாளைக்கு வருவியாம்மா?"

"இல்லே, அங்கிள். படியில எறங்கறப்ப பாத்து எறங்குங்க. வச்சிடறேன்."

இந்த மாதிரி நேரத்தில் முதுகைத் தட்டிக்கொடுப்பவர்கள் உண்டு. நான் தட்டவில்லை. மனசு குத்துகிறது என்றால் அது குத்தட்டும், மருந்து கொடுத்து மரத்துப்போகச் செய்கிற வலி இல்லை அது. சாசேஜ்களைப் பானையில் போட்டேன், பதினைந்து நிமிஷத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னேன், சூப்பும் ரொட்டியும் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் என்னைக் கூப்பிட்டார்.

"அவ ஓடி வந்தப்பல்லாம் பஸ்ஸை நிறுத்தினேன், பெர்னீஸ். நேரம் தவறினா என்னைத்தான் கேப்பாங்க. அப்பவும் நிறுத்தினேன்."

"அது அப்ப," என்றேன். "மாத்திரையைச் சாப்பிட்டதும் போட்டுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது லைல் சவரம் செய்து, அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தார். சூப் கிண்ணம் காலியாக இருந்தது. தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"படி. அனுப்பலாமான்னு கேக்கலே. அனுப்பத்தான் போறேன். தப்பா ஏதாவது இருக்கான்னு மட்டும் பாரு."

வெண்டல் திறப்பதற்கு முன்பே அன்றைய ஆட்டத் திரியை லைல் தன் பெயரில் எழுதிவைத்திருந்தார். நீளமாக இருந்தது. நடுவில் மாய் யெரின் மாமா கதை முழுக்க இருந்தது.

"இதை எடு," என்றேன். "அவ வீட்டு விஷயம் ஊருக்குச் சொல்ல உன்னோடது இல்லே."

எடுத்தார். அது போன பிறகு மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது:

"இன்னிக்குத் திரியைத் தொறக்கறது லைல். மாய் யெரைப் பத்தி இங்க ஒரு கேவலமான பேச்சு வந்துது. எடுக்கச் சொல்லி அன்னிக்கே அவ என்னைக் கேட்டா. நான் எடுக்கலே. நாம ஜெயிச்சிட்டு இருந்தோம், அதனாலதான் எடுக்கலே, வேற காரணம் இல்லே. தோத்ததும் எடுக்கறேன்னு அவகிட்டயே சொன்னேன். அவ இன்னிக்கு வரலே. ஏன்னு யாரும் அவளைக் கேக்க வேண்டாம், என்னைக் கேளுங்க. இதுக்கு மேல நிர்வாகி வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க."

அனுப்பினார். நான் அவர் காலுக்கு இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோதே பதில்கள் வர ஆரம்பித்தன.

"யோவ், திரியை ஏன்யா நீ தொறந்தே? போச்சு! எல்லாம் போச்சு!"

"இன்னிக்குத் தோத்தா லைல் வீட்டு முன்னாடி வந்து நிப்பேன்."

"நானும் அன்னிக்குச் சிரிச்சேன்," என்று ஒருவர் எழுதியிருந்தார். வெண்டலிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாய் யெரிடமிருந்தும் இல்லை. லைல் இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், பிறகு தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"போகணுமா?" என்றேன். "இடுப்பைச் சாக்கு வச்சு வீட்டுலேயே இருந்துக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"என்னைக் கேளுங்கன்னு எழுதிட்டேனே. கேக்கறப்ப நான் அங்க இருக்கணும் இல்லே?"

ஷூவைக் கொண்டுவந்து வைத்தேன். அவசரத்தில் நல்ல காலை நீட்டினார்.

"அந்தக் கால் இல்லே," என்றேன். "அறுத்த கால்தான் முதல்ல."