மேடையை விட்டிறங்கிய அம்மையார்

மகளின் இரண்டு கைகளும் பியானோக் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றதுதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் துன் நகரில் ஓர் இசைப் பள்ளியின் வசந்தகாலக் கச்சேரி அது. இசைத்தாள் இல்லாமல் பாடமாக்கி வாசித்துக்கொண்டிருந்தவளுக்கு நடுவில் எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்தாள், பக்கக் கதவால் வெளியேறிவிட்டாள். நெடுநேரம் தேடியலைந்து, ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கிடையில் என் மனம் எங்கெல்லாம் போய்வந்தது என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு பல வாரம் பியானோ மூடியே கிடந்தது. இனி அவள் தொடவே மாட்டாளோ என்று கேட்கவும் பயந்தேன். ஆனால் அந்த இசையை எழுதிய அம்மையாரைப் பற்றி மட்டும் அவள் ஓயாமல் தேடினாள். ஒரு காலத்தில் அவர் வந்திறங்கினால் ரயில் நிலையம் நிறைந்துவிடுமாம். அவர் கழற்றிவைத்த கையுறைக்குச் சீமாட்டிகள் சண்டை பிடித்தார்களாம். இன்று இசை படிக்கிறவர்களுக்கே அவருடைய பெயர் தெரியாது.

"அவவும் ஒருக்கா நடுவிலை மறந்து நிண்டவவாம், அம்மா. தான் எழுதினதையே! பிறகு மேடையே ஏறேல்லை. இஞ்சை வந்து பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தவவாம்."

"தனக்கெண்டாவது வாசிச்சவவோ?"

"அதைத்தான் ஒருத்தரும் எழுதேல்லை."

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை பூ வாங்கிக்கொண்டு இருவரும் அம்மையாரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவருடைய கல்லறை எங்கே என்று கேட்டதும் அங்கே வேலை செய்த மனிதர் சிரித்துவிட்டார். சாதாரணக் கல்லறைகளைச் சில பத்தாண்டுகளில் அகற்றிவிடுவார்கள், அவருடைய கல் எப்போதோ போயிருக்கும் என்றார். இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. இறந்தவர்களைத் தகனம் செய்கிற நாங்கள் இதை யாரிடம் விசாரித்திருக்கப் போகிறோம்?

"இந்தப் பூவை இனி ஆருக்கு வைக்கிறது?" என்று விழித்தேன்.

"வீட்டை கொண்டுபோவம். அவ கோவிக்கமாட்டா," என்று மகள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பஸ்ஸில் திடீரென்று கேட்டாள்: "மறந்துபோன அடுத்த நாள் காலமை அவ என்ன செய்திருப்பா?"

"தேத்தண்ணி குடிச்சிருப்பா, பிள்ளை. வேறென்ன?"

அன்று பின்னேரம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பியானோ கேட்டது. தண்ணீரை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றேன். அதே இடம் வந்தது. வாசிப்பு நின்றது.

என் பக்கத்திலும் சத்தம் இல்லாததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"அம்மா, மூச்சை விடுங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பக்கம்தான் திருப்பிறன்."