மொட்டை மாடியில் நின்றுபோன கணக்கு

என் வேலை பூமிக்கு அடியில். வேறு மாநிலத்தில், கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றுக்குள் ஆய்வுக்கூடம். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்த் துகள்கள் ஓயாமல் கொட்டுகின்றன. தலைக்கு மேலிருக்கும் பாறை அதில் எவ்வளவைத் தடுக்கிறது என்று அளக்கிறேன். உள்ளே எண்ணினால் மட்டும் போதாது. அதே கருவியைத் திறந்த வெளியிலும் வைத்து எண்ண வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே எடுத்த எண் குப்பை.

டெல்டாவில், பாபநாசத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். நாலு பக்கமும் வயல்தான், வானத்தை மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அதனால் பொங்கல் லீவுக்கு வந்தபோது கருவியையும் கொண்டுவந்தேன். கறுப்பு டேப் சுற்றிய இரண்டு பலகைகள், ஒரு பெட்டி, கொஞ்சம் ஒயர். மொட்டை மாடியில் வைத்தேன். காற்றழுத்தம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு வாரமாவது ஓட வேண்டும்.

மறுநாளே பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்று அப்பாவைக் கூப்பிட்டார். எரிவாயுவுக்குக் குழாய் இறக்க வந்தவர்களை மறித்ததற்காக அப்பாவோடு போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர்.

“ஏண்ணே, வயலுக்கு வந்தவன மறிச்சோம். இப்ப மாடியிலயே மிஷின ஏத்திட்டீங்களா?”

“சித்தப்பா, அது மேலேருந்து வர்றத எண்ணுது. கீழ உள்ளத இல்ல” என்றேன்.

“அவனுங்களும் தண்ணி பாக்குறோம்னுதான் சொன்னானுங்க. நீ எங்க வேல பாக்குற?”

“சுரங்கத்துல.”

“கேட்டுக்கிட்டீங்களாண்ணே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்பக்கூட உங்க உள்ளங்கை வழியா அந்தத் துகள் போயிட்டிருக்கு.”

“என் கை வழியா போறது போவட்டும். என் வயல்ல எதுவும் எறங்காம இருந்தா சரி.”

அன்று சாயங்காலம் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அங்கிருந்த பேச்சு நின்றுவிட்டது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்து நேராக மாடிக்கு ஏறினார்.

“நீ சொல்றத நான் நம்புறேன்மா. என்னைய நம்ப ஆள் வேணாமா? கழட்டிடு.”

கத்தினேன். பிறகு நானே ஒயரைப் பிடுங்கினேன்.

அறிக்கையில் வேறு ஊரில் யாரோ எடுத்த திறந்தவெளிக் கணக்கைச் சேர்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சேர்த்தேன்.

குறுவை நடவு சமயத்தில் மறுபடி குழாய்ப் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். போனீங்களா என்று போனில் அப்பாவிடம் கேட்டேன்.

“எனக்கு யாரும் சொல்லலம்மா. நானாத்தான் போனேன். பின்னாடி நின்னுட்டு வந்துட்டேன்.”