விமானம் எங்களை நோக்கித் திரும்பியபோது

2009 ஜனவரியில், பர்மாவில், யாங்கூன் நகரின் தாகேதா பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி இருந்த வெட்டவெளியில் நடந்தது இது. கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் விடுமுறைக்கு வந்தபோது, மகளுக்காக ரிமோட்டில் பறக்கும் சிறு விமானம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பறக்கவிடுவதற்குள் அவரைக் கப்பல் அழைத்துக்கொண்டது. "அப்பா வர ரொம்ப நாளாகும், நீயே விடும்மா" என்று ஏழு வயது மகள் தினமும் நச்சரித்தாள்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். பள்ளிக்கூட வேனை இங்கே ஃபெர்ரி என்போம். மற்ற பிள்ளைகள் அதில் போக, என் மகளை மட்டும் நான் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவேன். விமானத்தோடு வந்த புத்தகத்தை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆனாலும் உடைந்துபோனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது, ராணுவ ஆட்சியில் யாராவது வந்து இது எதற்கு என்று விசாரித்தால் என்ன சொல்வது என்று யோசித்தே வாரங்கள் போயின.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை போனோம். நகரத்தின் லத்தா பகுதியில் கடை வைத்திருக்கும் தமிழ் பாய் ஒருவர் அங்கே தன் விமானத்தை விட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். எங்களுடையதை வாங்கிப் பார்த்து, அவரே கையால் வீசி ஏற்றிவிட்டார்.

ரிமோட் என் கையில் இருந்தது. எங்களை விட்டு விலகிப் போகும்வரை விமானம் சொன்னபடி கேட்டது. மகள் கைதட்டிக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள். விழுந்துவிடுவாளோ என்று நான் அவளைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது விமானம் எங்களை நோக்கித் திரும்பியிருந்தது. எதிரே வரும்போது அதன் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். படித்ததுதான், கைக்குத்தான் தெரியவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் இழுக்க நினைத்தால் ஓடைப் பக்கமே சாய்ந்தது. பதறிப்போய் ரிமோட்டின் குச்சியை மாற்றி மாற்றித் தள்ளினேன்.

"அக்கா, பிளேன் ஓட்டுறீங்களா, மாவு பிசையிறீங்களா?" என்றார் பாய். "குச்சிய விட்டுடுங்க. கத்துக்கிறவங்களுக்குன்னே செஞ்ச பிளேன். தானா நிமிரும்."

"விட்டா விழுந்திடுமே, பாய்."

"நீங்க புடிச்சு ஆட்டுறதாலதான் விழப் பாக்குது. யபாதே, அக்கா, ஒண்ணும் ஆகாது. விடுங்க."

விரலை எடுப்பது அத்தனை கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எடுத்தேன். இரண்டு தரம் ஆடிவிட்டு இறக்கைகள் மெல்ல மட்டமாயின. ஓடைக்கரையில் காய்ந்த புல்லைத் தேய்த்துக்கொண்டு இறங்கி நின்றது. மகள் ஓடிப்போய் மார்போடு அணைத்துத் தூக்கிவந்தாள்.

"மூக்குதான் கொஞ்சம் நசுங்கிருக்கும்மா. இன்னொரு தடவை விடு."

விட்டேன். அன்று பாய் புறப்பட்டுப் போன பிறகும் விட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை அவளை ஃபெர்ரியில் ஏற்றிவிட்டேன். வண்டி திருப்பத்தில் மறையும்வரை பின்னால் ஓடாமல் நிற்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இப்போதும் அவளை நினைத்து மனம் பதறும்போதெல்லாம், குச்சியிலிருந்து விரலை எடுத்த அந்தக் கணம் நினைவுக்கு வருகிறது. என் மகளுக்கும் தானாக நிமிரத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறேன்.