நாலு இஞ்ச் ஜீப்

கடையம் பக்கம் மலையடியில் எங்களுக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. அங்கே போகும் பாதையில் என் ஜீப்பின் அடிவயிறு கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கிவிடலாம் என்றார் தென்காசி மெக்கானிக். இரண்டு இஞ்சா, நாலு இஞ்சா என்பதை நான் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு இரண்டே போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலு இஞ்ச் ஜீப் நிற்கிற நிற்பே வேறு.

ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்றாள் மனைவி. கடையநல்லூர் நண்பர் ஒருவர் ஷார்ஜாவிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகத் தன் ஜீப்பை நாலு இஞ்ச் தூக்கியிருந்தார். வளைவில் மெதுவாகத் திருப்பச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, மாமியாருடன் குற்றாலம் கிளம்பினேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் ஏறினோம். மூட்டுவலிக்கார மாமியாரைத் தள்ளித்தான் முன்சீட்டில் ஏற்ற முடிந்தது. ஏறியதும் அவர் முகமே மாறிவிட்டது. யார் வீட்டில் வற்றல் காய்கிறது, யார் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேலாகப் பார்த்து வழிநெடுக அறிவித்துக்கொண்டே வந்தார்.

அருவியில் சாரல் சீசன் கூட்டம். மனைவி குளிக்கப் போனாள். மாமியார் இறங்கவில்லை.

“இங்கன இருந்தே எல்லாம் தெரியுது மாப்ள. நான் எதுக்கு எறங்கணும்?”

ரம்புட்டான் விற்றவள் எக்கி எக்கித்தான் அவரிடம் பையைக் கொடுத்தாள்.

நான் டீக்கடையில் நிற்கும்போது போலீஸ்காரர் வண்டியை எடுக்கச் சொன்னார். நாற்காலியோ வீட்டில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தாவு தாவினேன். கால் வழுக்கியது. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கியதில் ஹாரன் அலறி, குளிக்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பியது. போலீஸ்காரர்தான் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். ஈரத்தலையோடு வந்த மனைவிக்கு மட்டும் எங்கிருந்தோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அவள் நிதானமாக ஏறி உட்கார்ந்தாள். “வண்டிய நாலு இஞ்ச் ஒசத்துதிய, சரி. ஒங்கள யாரு ஒசத்துவா?”

மறுநாளே இரண்டு இஞ்ச் போதும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். தோட்டப் பாதையில் இப்போது எதுவும் உரசுவதில்லை.

மாமியார்தான் முதல் தடவை ஏறியதும் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணும் தெரியல மாப்ள” என்றார். அடுத்த ஞாயிறு கடையநல்லூர் நண்பர் தன் ஜீப்பில் குற்றாலம் போகிறாரா என்று கேட்கச் சொன்னார். போன் போட்டுக் கேட்டேன். மாமியாரை அழைத்துப்போக அவர் உடனே சம்மதித்துவிட்டார்.